தானியங்கிச் சோதனையில் எலிமென்ட் கிடைக்காதபோது: எக்ஸ்பாத், சிஎஸ்எஸ் லொக்கேட்டர்களைச் சீர்செய்யும் முறை

இரவில் ஓடிய ரிக்ரெஷன் தொகுப்பு (பழைய வசதிகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகள்) காலையில் சிவப்பாக, அதாவது தோல்வியாக, நிற்கும்போது, பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ டெஸ்டிங் வேலையில் இருக்கும் பலரும் உடனே செய்பவை இரண்டு. தோற்ற வரிக்கு மேலே ஐந்து விநாடி சும்மா காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் போடுவார்கள். அல்லது குரோமில் அந்த எலிமென்ட்டின் (பட்டன், பெட்டி போன்ற பக்க உறுப்பின்) மேல் வலது கிளிக் செய்து, ‘காப்பி எக்ஸ்பாத்’ தருவதை அப்படியே ஒட்டிவிடுவார்கள். இரண்டிலும் சோதனை அன்றைக்குப் பச்சையாகிவிடக்கூடும். ஆனால் லொக்கேட்டர் (எக்ஸ்பாத், சிஎஸ்எஸ் என்ற இரு எழுத்துமுறைகளில் ஒன்றில் எலிமென்ட்டைச் சுட்டும் முகவரி) ஏன் தோற்றது என்பது தெரியாமலே போய்விடுவதால், அடுத்த ஸ்பிரின்ட்டில், அதாவது அடுத்த வேலைச் சுற்றில், அதே இடம் மறுபடி உடைகிறது. லொக்கேட்டரில் கை வைப்பதற்கு முன்பு, அது இந்தப் பக்கத்தில், இந்த நொடியில் எத்தனை எலிமென்ட்டுகளைப் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூஜ்யமா, ஒன்றா, பலவா என்ற விடை கிடைத்துவிட்டால், அடுத்து எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

விளக்கத்துக்காக, பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டு ஊர்களுக்குப் பேருந்துச் சீட்டு பதிவு செய்யும் ஒரு கற்பனைத் தளத்தை வைத்துக்கொள்வோம். மடிவாளா, பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என ஏறுமிடங்களும், சேலம், கோயம்புத்தூர், மதுரை எனச் சேருமிடங்களும் அதில் உண்டு. பக்கம் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வரும். கீழே லொக்கேட்டர்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். குறிகள் அப்படியே இருக்கின்றன, பெயர்களை மட்டும் நிரலுக்குரிய எழுத்தில் தட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் பிழைச் செய்தி

‘எலிமென்ட் கிடைக்கவில்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, உலாவியை இயக்கும் இடைமுகமான வெப்டிரைவர் அப்படிப் பொதுவாகச் சொல்வதில்லை. 2018 ஜூனில், இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளியான வெப்டிரைவர் தரநிலை, இந்தப் பிழைகளைத் தனித்தனியே வரையறுக்கிறது. ‘இன்வேலிட் செலக்டர்’ என்றால் லொக்கேட்டரின் இலக்கணமே தவறு. பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. மூடாத சதுர அடைப்பு, சிஎஸ்எஸ்ஸில் எழுதிய, ஜெக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் ‘:கன்டெய்ன்ஸ்’, எண்ணில் தொடங்கும் ஐடிக்கு முன்னால் போட்ட # குறி ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். ‘நோ சச் எலிமென்ட்’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் தேடிய இடத்தில், தேடிய நேரத்தில் பொருத்தம் எதுவும் இல்லை. ‘ஸ்டேல் எலிமென்ட் ரெஃபரன்ஸ்’ என்றால் முன்பு கிடைத்தது இப்போது பக்கத்திலிருந்து நீங்கிவிட்டது. ‘நாட் இன்டராக்டபிள்’, ‘கிளிக் இன்டர்செப்டட்’ ஆகிய இரண்டிலும் எலிமென்ட் கிடைத்துவிட்டது. முன்னதில் அது மறைந்திருக்கிறது, பின்னதில் வேறொன்று அதன்மேல் படிந்திருக்கிறது. பின்னதில் லொக்கேட்டரைத் திருத்துவது வீண்வேலை. மூடியிருக்கும் லோடரையோ குக்கி அறிவிப்பையோ கவனிக்க வேண்டும்.

காத்திருப்போடு எழுதிய சோதனையில் மேலே ‘டைம்அவுட்’ மட்டுமே தெரியும். உண்மையான காரணம் பல நேரங்களில் அதற்குக் கீழே ‘காஸ்டு பை’ என்ற வரியில் இருக்கும். ஆகவே பதிவை இறுதிவரை உருட்டிப் படிக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்பது

சோதனை நின்ற பக்கத்தைக் குரோமில் திறந்து, எஃப்12 அழுத்தி, எலிமென்ட்ஸ் பலகத்தில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் தேடல் பெட்டி வரும். எக்ஸ்பாத்தையும் சிஎஸ்எஸ்ஸையும் அதிலேயே ஒட்டலாம். பொருத்தங்களின் எண்ணிக்கை பக்கத்திலேயே தெரியும். ஆனால் அந்தப் பெட்டி சாதாரண உரையையும் தேடுவதால், வெறும் ‘பட்டன்’ என்று தட்டினால் ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் அந்தச் சொல்லையும் சேர்த்தே எண்ணிவிடும். அதனால் நான் கன்சோலையே நம்புகிறேன். அங்கே டாலர் குறியும் எக்ஸும் சேர்ந்த சார்பு எக்ஸ்பாத்துக்கும், இரட்டை டாலர் குறி சிஎஸ்எஸ்ஸுக்கும் விடையைப் பட்டியலாகத் தரும். கன்சோலின் மேலே உள்ள பட்டியலில் ‘டாப்’ என்றிருந்தால் மேல் ஆவணத்தில் மட்டுமே தேடல் நடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பலவாக வந்தால், வெப்டிரைவர் வழியே உலாவியை இயக்கும் கருவியான செலினியத்தின் ‘ஃபைண்ட் எலிமென்ட்’ ஆவண வரிசையில் முதலில் வருவதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எடுத்துக்கொள்ளும். கணினித் திரைக்கு ஒரு மெனு, கைபேசித் திரைக்கு மறைத்து வைத்த இன்னொரு மெனு என இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கும் தளங்களில், அந்த முதலாவது மறைந்திருப்பதாக அமைந்துவிடக்கூடும். அதுபோன்ற இன்னொரு கருவியான பிளேரைட் இந்த விஷயத்தில் கண்டிப்பானது: கிளிக் போன்ற செயலுக்கு ஒன்றுக்கு மேல் பொருந்தினால் அங்கேயே பிழை எழுப்பிவிடும். செலினியத்தில் அந்தக் கண்டிப்பு வேண்டுமென்றால், ‘ஃபைண்ட் எலிமென்ட்ஸ்’ கொண்டு எண்ணி, ஒன்று இல்லையென்றால் நிறுத்தும் சிறு சார்பை நாமே எழுதிக்கொள்ளலாம். அந்த உழைப்பு வீண்போகாது.

பூஜ்யம் வந்தால்: உரைப் பொருத்தம்

உரையை வைத்துத் தேடும் லொக்கேட்டர்களில்தான் பூஜ்யம் அதிகம் வருகிறது. திரையில் ‘தேடு’ என்று ஒரு பட்டன் தெரிகிறது. அதற்கு எழுதியது:

//பட்டன்[டெக்ஸ்ட்()='தேடு']

பக்கத்தின் மூலத்திலோ பட்டன் டேகுக்குப் பின் ஒரு வரிமுறிவு, எட்டு இடைவெளிகள், பிறகு ‘தேடு’, மறுபடி ஒரு வரிமுறிவு. திரையில் உலாவி இவற்றை ஒடுக்கிக் காட்டுகிறது, எக்ஸ்பாத் ஒடுக்குவதில்லை. ஆகவே,

//பட்டன்[நார்மலைஸ்-ஸ்பேஸ்()='தேடு']

என்று எழுதினால் முன்பின் இடைவெளிகள் நீங்கி, நடுவில் உள்ளவை ஒற்றை இடைவெளியாகச் சுருங்கிப் பொருந்தும்.

அடுத்தது ‘கன்டெய்ன்ஸ்’. ஏறுமிடப் பட்டியலில் ஒவ்வொரு எல்ஐக்குள்ளும் (பட்டியலின் ஓர் உருப்படிக்கான டேக்) முதலில் ஓர் ஐகான் டேக், அதன்பின் ‘மடிவாளா’ என்ற உரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். //எல்ஐ[கன்டெய்ன்ஸ்(டெக்ஸ்ட்(), 'மடிவாளா')] அங்கே பூஜ்யம் தரக்கூடும். காரணம், எக்ஸ்பாத் 1.0இல் ஒரு சார்பு சரத்தை எதிர்பார்க்கும் இடத்தில் பல கணுக்களைக் (டேக், உரைத் துண்டு போன்ற ஆவணக் கூறுகளை) கொடுத்தால், முதல் கணுவை மட்டுமே சரமாக மாற்றிக்கொள்ளும். ஐகானுக்கு முன்னால் உள்ள வரிமுறிவுதான் இங்கே முதல் உரைக் கணு. அதில் மடிவாளா இல்லை. டெக்ஸ்ட்() இருந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்து, //எல்ஐ[கன்டெய்ன்ஸ்(., 'மடிவாளா')] என்று எழுதினால், எல்ஐக்குள் அடங்கிய மொத்த உரையும் கணக்கில் வரும். ஆனால் இதே புள்ளியை, பக்கத்தின் பகுதிகளை அடைக்கும் பொது டேகான டிவ்வோடு சேர்த்தால், மடிவாளாவைத் தன்னுள்ளே எங்கோ வைத்திருக்கும் வெளி டிவ்கள் அனைத்தும், பக்கத்தின் உச்சி வரை, பொருந்திவிடும். அப்போது [நாட்(.//டிவ்[கன்டெய்ன்ஸ்(., 'மடிவாளா')])] என்ற கூடுதல் நிபந்தனை உள்ளே உள்ள கடைசி டிவ்வை மட்டும் நிறுத்தும்.

கட்டணத்தில் ரூபாய்க் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே இருப்பது சில நேரங்களில் சாதாரண இடைவெளி அல்ல. வரி உடையாமல் காக்கும் இடைவெளி, அதாவது குறிஎண் (ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு தரும் எண்) 160. நார்மலைஸ்-ஸ்பேஸ் அதைத் தொடாது. அது இடைவெளி, டேப், இரு வகை வரிமுறிவுகள் ஆகிய நான்கை மட்டுமே அறியும். ‘டிரான்ஸ்லேட்’ சார்பால் 160ஐச் சாதாரண இடைவெளியாக மாற்றிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

ஆங்கிலப் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சிஎஸ்எஸ்ஸின் ‘டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம்’ பட்டனின் எழுத்துகளைத் திரையில் பெரிய எழுத்தாகக் காட்டினாலும், ஆவணத்தில் அவை சிறிய எழுத்தாகவே இருக்கும். எக்ஸ்பாத் ஆவணத்தைத்தான் பார்க்கிறது. செலினியத்தின் ‘கெட் டெக்ஸ்ட்’டோ திரையில் தெரிவதைத் தருகிறது. அதில் வந்த சொல்லை எடுத்து எக்ஸ்பாத்தில் வைத்தால் பொருந்தாமல் போவது இதனால்தான்.

தமிழ் உரையில் ஒன்றுபோலத் தெரிந்தும் ஒன்றாகாதவை

இந்திய மொழிப் பக்கங்களைச் சோதிப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேருமிடப் பட்டியலில் ‘கோயம்புத்தூர்’ கண்ணெதிரே இருக்கிறது. லொக்கேட்டரிலும் ‘கோயம்புத்தூர்’ என்றே இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யம். இடைவெளியும் இல்லை, உள் டேகும் இல்லை.

கன்சோலில் அந்த உரையை ஜாவாஸ்கிரிப்ட்டின் மூன்று புள்ளி விரிப்பால் எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘கோட்பாயின்ட்அட்’ கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ‘கோ’ என்பது 2965, 3019 என இரண்டு எண்களாக வரும். மறுபக்கத்தில் 2965, 3015, 3006 என மூன்று எண்களாக வரும். முன்னதில் ஓகாரக் குறி ஒரே குறியீடு. பின்னதில் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பும் ஆகாரத்தின் காலும் தனித்தனிக் குறியீடுகள். எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவில் வரைந்துவிடுகிறது. எக்ஸ்பாத்தோ எண்களின் வரிசையைத்தான் ஒப்பிடுகிறது. யூனிகோடு அவ்விரண்டையும் சமமெனக் கொள்கிறது என்பதை அது கருதுவதில்லை. ஒகாரத்துக்கும் இதே கதைதான்: 3018 ஓரிடத்தில், 3014உம் 3006உம் இன்னோரிடத்தில். கன்னடத்தின் ஒகர, ஓகாரக் குறிகளும் இவ்வாறே பிரிந்தும் சேர்ந்தும் வருகின்றன. இந்தியில் அடிப்புள்ளி இட்ட எழுத்துகளும் அப்படியே. ஆனால் அவை என்எஃப்சி வடிவுக்கு (சமமான குறியீட்டு வரிசைகளை ஒரே வடிவாக்கும் யூனிகோடு முறை) மாற்றினாலும் ஒன்று சேராமல் பிரிந்தே நிற்கும் என்பது கூடுதலாக அறிய வேண்டியது.

ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஜாவாவிலும் பைத்தானிலும் என்எஃப்சி நார்மலைசேஷன் கிடைக்கிறது. அது 3015ஐயும் 3006ஐயும் 3019ஆகச் சேர்த்துவிடும். ஆனால் எல்லாம் அதில் அடங்காது. ‘கௌரி’ என்ற பயணியின் பெயரை ஔகாரக் குறியோடு எழுதினால் இரண்டாவது எண் 3020. ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டியிருந்தால் அது 3014, 2995. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. யூனிகோடுக்கோ இவை வெவ்வேறு சொற்கள், எந்த நார்மலைசேஷனும் சேர்த்து வைக்காது. ‘ஸ்ரீரங்கம்’ அப்படிப்பட்டது: முதல் எழுத்து 3000 ஆகவும் இருக்கலாம், 2998 ஆகவும் இருக்கலாம், எழுத்துரு இரண்டையும் அதே கூட்டெழுத்தாகக் காட்டக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளான 8204உம் 8205உம் சொல்லின் நடுவே ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இங்கே லொக்கேட்டரை எப்படியாவது பொருத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் அழுத்தமான எண்ணம். ஊர்ப்பட்டியலில் ஒரு வடிவும், பயணி தன் விசைப்பலகையில் தட்டுவதில் இன்னொரு வடிவும் இருந்தால், தளத்தின் தேடல் பெட்டி கோயம்புத்தூரை அவருக்கும் காட்டாமல் போகலாம். சோதனையில் தோற்ற லொக்கேட்டர் அந்தக் குறையை முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. குறிஎண்களை இணைத்து அதைத் தனிப் பிழையாகப் பதிவுசெய்யுங்கள். அதன்பின், எலிமென்ட்டை மொழி சாராத ஒரு பண்பால் (ஐடி போல டேகுக்குள் எழுதும் அட்ரிபியூட்) பிடித்து, அதன் உரையை இரு பக்கமும் என்எஃப்சி செய்து தனியாக ஒப்பிடும்படி சோதனையை மாற்றுங்கள். நான்கு மொழிக்கும் ஒரே லொக்கேட்டர் போதுமாகும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை மாற்றினால் அது உரை ஒப்பீட்டில் மட்டும் தெரியும், மற்ற நூறு படிகளும் நிற்காது.

பண்புகளும் கிளாஸும்

கிளாஸ் என்பது இடைவெளியால் பிரிந்த பெயர்களின் தொகுப்பு. செலினியத்தின் ‘கிளாஸ் நேம்’ லொக்கேட்டருக்கு ஒரு பெயரைத்தான் தரலாம். இரண்டைச் சேர்த்துத் தந்தால் தோற்கும். எக்ஸ்பாத்தில் @கிளாஸ்='சீட் காலி' என்று எழுதினால், நாளை ‘சீட் காலி ஜன்னல்’ என்று ஒரு பெயர் கூடியதும் அது உடைந்துவிடும். கன்டெய்ன்ஸ்(@கிளாஸ், 'சீட்') என்று தளர்த்தினாலோ ‘சீட்-வரிசை’, ‘சீட்-தலைப்பு’ எல்லாம் உள்ளே வரும். கிளாஸை நம்பியே ஆக வேண்டுமென்றால் சிஎஸ்எஸ் மேல்: .சீட்.காலி என்பது இரு பெயர்களும் முழுமையாக இருப்பவற்றை, வரிசை எதுவானாலும், பிடிக்கும்.

தானாக உண்டாகும் ஐடிகளை நம்ப வேண்டாம். முடிவில் எண் ஏறிக்கொண்டே போகும் ஐடி, ரியாக்ட் நூலகம் தானே உண்டாக்கும் குறுகிய ஐடி, கட்டமைக்கும்போது கலவையாக வரும் கிளாஸ் பெயர் ஆகியவை அடுத்த பில்டில் மாறிவிடக்கூடும். மாறாத பகுதி முன்னால் இருந்தால் ‘ஸ்டார்ட்ஸ்-வித்’ உதவும். பின்னால் இருந்தால் ‘எண்ட்ஸ்-வித்’ எழுதத் தோன்றும். ஆனால் அது உலாவியில் வேலை செய்யாது. உலாவிகள் ஏற்பது 1999 நவம்பரில் வெளியான எக்ஸ்பாத் 1.0ஐ மட்டுமே. ‘எண்ட்ஸ்-வித்’, ‘லோயர்-கேஸ்’, ‘மேட்சஸ்’ எல்லாம் 2.0இல் வந்தவை. சிஎஸ்எஸ்ஸில் [ஐடி$='-ஏறுமிடம்'] என்று எழுதினால் அந்தத் தேவை தீர்ந்துவிடும்.

இல்லாததைத் தேடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. //எல்ஐ[@நிலை!='நிரம்பியது'] என்பது ‘நிலை’ என்ற பண்பே இல்லாத எல்ஐகளை விட்டுவிடும். //எல்ஐ[நாட்(@நிலை='நிரம்பியது')] அவற்றையும் சேர்க்கும். சரத்துக்குள் மேற்கோள் குறி வந்தால் எக்ஸ்பாத் 1.0இல் அதைத் தப்பவைக்கும் குறி எதுவும் இல்லை. வெளியே மற்ற வகை மேற்கோளைப் பயன்படுத்த வேண்டும், இரண்டு வகையும் உள்ளே இருந்தால் ‘கான்கேட்’ தான் வழி.

இடத்தை எண்ணிச் சொல்லும் லொக்கேட்டர்

‘காப்பி ஃபுல் எக்ஸ்பாத்’ தருவது, பெங்களூரில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டவரிடம் ‘நேராகப் போய் நான்காவது கிராஸில் திரும்பி, ஏழாவது கேட்’ என்று எண்ணிச் சொல்வதைப் போன்றது. இடையில் ஒரு கிராஸை அடைத்துவிட்டால் வேறு வீட்டுக் கதவைத்தான் அவர் தட்டுவார். பக்கத்தின் மேலே ஒரு தள்ளுபடி அறிவிப்புக்காக ஒரு டிவ் புதிதாக நுழைந்தால் போதும். லொக்கேட்டர் தோற்கும், அல்லது தோற்காமல் தவறான பட்டனை அழுத்திவிடும். இரண்டாவதுதான் அபாயமானது, ஏனெனில் பதிவில் அது பச்சையாகவே தெரியும்.

எண்ணைத் தவிர்க்க முடியாத இடத்தில் அது எதை எண்ணுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். //எல்ஐ[1] என்பது பக்கத்தின் முதல் எல்ஐ அல்ல. ஒவ்வொரு பெற்றோருக்குள்ளும் முதலாவதாக இருக்கும் எல்ஐகள் அனைத்தும். ஒட்டுமொத்தத்தில் முதலாவது வேண்டுமென்றால் (//எல்ஐ)[1] என அடைப்புக்குள் இட வேண்டும். ‘ஆன்செஸ்டர்’ போன்ற பின்னோக்கிய அச்சுகளில் எண்ணிக்கை நம்மிடமிருந்து மேல்நோக்கிப் போகும். ஆன்செஸ்டர்::டிவ்[1] என்பது மிக அருகில் உள்ள டிவ்.

ஓர் எலிமென்ட்டைப் பிடித்து அதற்குள் மேலும் தேடும்போது, // என்று தொடங்கினால் தேடல் மறுபடி முழு ஆவணத்திலும் நடக்கும். .// என்று முன்னால் ஒரு புள்ளி வேண்டும். ஒவ்வொரு பேருந்து வரிசைக்கும் கட்டணத்தைப் படிக்கும் சுழற்சியில் எல்லா வரிசைக்கும் முதல் பேருந்தின் கட்டணமே வருகிறது என்றால், விடுபட்ட அந்தப் புள்ளிதான் பெரும்பாலும் காரணம்.

எண்ணை நாடாமல், நிலையான ஒன்றிலிருந்து தொடங்கி அருகில் உள்ளதை அடைவது நல்லது. சேவை எண் 7742 உள்ள வரிசையின் பட்டன் வேண்டுமென்றால்,

//டிஆர்[டிடி[நார்மலைஸ்-ஸ்பேஸ்()='7742']]//பட்டன்

என்பது அந்த வரிசை எங்கே நகர்ந்தாலும் சரியான பட்டனையே தரும். அட்டவணைகளில் இன்னொன்று: பக்கத்தின் மூலத்தில் வரிசைகளை (டிஆர்) அடைக்கும் டிபாடி டேக் இல்லாவிட்டாலும் உலாவி அதைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே மூலத்தைப் பார்த்து டேபிள்/டிஆர் என்று ஒற்றைச் சாய்கோட்டால் எழுதியது பொருந்தாது. எப்போதும் எலிமென்ட்ஸ் பலகத்தில் உள்ளதைப் பார்த்தே எழுத வேண்டும்.

உலாவியில் கிடைக்கிறது, சோதனையில் கிடைக்கவில்லை

“என் மெஷின்ல ஓடுது அண்ணா, ஜென்கின்ஸ்லதான் ஓடல” என்று (ஜென்கின்ஸ் என்பது சோதனைகளைச் சர்வரில் தானாக ஓட்டும் கருவி) புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும்போது, நான் திருப்பிக் கேட்பது சாளர அளவை. திரையில் சாளரம் காட்டாமல் ஓடும் ஹெட்லெஸ் குரோமின் பழைய இயல்பளவு 800க்கு 600. அந்த அகலத்தில் பல தளங்கள் கைபேசி வடிவுக்கு மாறி, மெனுவை மூன்று கோட்டுப் பட்டனுக்குள் சுருட்டிவிடும். சாளர அளவைச் சோதனையிலேயே குறிப்பிட்டு, தோற்ற நொடியில் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்க மூலத்தையும் சேமிக்கச் செய்தால், விவாதமே தேவைப்படாது.

பணம் செலுத்தும் பகுதி பெரும்பாலும் ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு ஆவணத்துக்குள், இருக்கும். முதலில் அந்த ஃபிரேமுக்கு மாறி, வேலை முடிந்ததும் மேல் ஆவணத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்ப மறந்தால் அடுத்த படி தோற்கும்.

பேருந்தின் இருக்கை வரைபடத்தை எஸ்விஜி என்ற பட வடிவில் வரைந்திருந்தால், //எஸ்விஜி பூஜ்யம் தரும். எச்டிஎம்எல் ஆவணத்தில் முன்னொட்டு இல்லாத பெயர் எச்டிஎம்எல் பெயர்வெளியை (டேக் பெயர்களின் தொகுதியை) மட்டுமே குறிக்கும். எஸ்விஜியும் அதற்குள் உள்ள ரெக்ட், பாத் முதலியனவும் வேறு பெயர்வெளியைச் சேர்ந்தவை. //*[நேம்()='எஸ்விஜி'] என்று எழுத வேண்டும், உள்ளே செல்லும் ஒவ்வொரு படியிலும் அப்படியே. சிஎஸ்எஸ்ஸில் இந்தச் சிக்கல் இல்லை.

ஷேடோ டாம், அதாவது ஓர் எலிமென்ட்டுக்குள் தனியாக அடைத்து வைத்த உள் ஆவணம், இன்னொரு சுவர். எக்ஸ்பாத் அதற்குள் நுழைவதில்லை. செலினியம் 4இல் வெளி எலிமென்ட்டிடம் ஷேடோ ரூட்டைக் கேட்டு வாங்கி, அதற்குள் சிஎஸ்எஸ்ஸால் தேடலாம். பிளேரைட்டின் சிஎஸ்எஸ் திறந்த ஷேடோ ரூட்டைத் தானே கடந்துவிடும். மூடிய ரூட்டை அது கடக்காது, அப்போது டெவலப்பரிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

இனி நேரம். பட்டியல் சர்வரிலிருந்து வரும் முன்பே தேடியிருந்தால், லொக்கேட்டரில் பிழை எதுவும் இல்லை. ஸ்லீப் போடாமல், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் காத்திருப்பை எழுத வேண்டும். வெப்டிரைவர்வெயிட் இயல்பாக அரை விநாடிக்கு ஒருமுறை பார்த்து, கிடைத்தவுடன் நகர்ந்துவிடும். இம்ப்ளிசிட் (எல்லாத் தேடலுக்கும் பொதுவானது), எக்ஸ்ப்ளிசிட் (ஓரிடத்துக்கென எழுதியது) காத்திருப்புகள் இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது: 10 விநாடி ஒன்றும் 15 விநாடி மற்றொன்றுமாக வைத்தால், 20 விநாடிக்குப் பிறகு தோற்பதும் நடக்கலாம். ‘ஏசி மட்டும்’ என்ற வடிகட்டியைச் சொடுக்கியதும் பட்டியல் புதிதாக வரையப்படும் இடத்தில், பழைய வரிசையை மாறியில் பிடித்து வைத்திருந்தால் ஸ்டேல் பிழை வரும். எலிமென்ட்டைச் சேமிக்காமல் லொக்கேட்டரைச் சேமித்து, தேவைப்படும்போது மறுபடி தேடுவதே அதற்குத் தீர்வு. நீண்ட பட்டியல்கள் சிலவற்றில், திரைக்கு வெளியே உள்ள வரிசைகள் ஆவணத்திலேயே இருக்காது. உருட்டிய பிறகுதான் உண்டாகும்.

ஊர்ப் பெயரைத் தட்டும்போது விரியும் பரிந்துரைப் பட்டியல், எலிமென்ட்ஸ் பலகத்தைத் தொட்டவுடன் மறைந்துவிடும். கன்சோலில் ஐந்து விநாடி கழித்து ‘டிபக்கர்’ ஓடுமாறு ஒரு ‘செட்டைம்அவுட்’ எழுதி, உடனே பெட்டியில் ‘மது’ என்று தட்டிக் காத்திருங்கள். பக்கம் அப்படியே உறைந்து நிற்கும், பட்டியலை நிதானமாகப் பார்க்கலாம். ரெண்டரிங் பலகத்தில் பக்கம் கவனத்தில் இருப்பதாகக் காட்டும் தேர்வும் இதே பயனைத் தருகிறது.

டெவலப்பரிடம் கேட்க வேண்டியது

இத்தனை திருத்தங்களிலும் அதிகப் பயன் தருவது, சோதனைக்கென்றே ஒரு பண்பைப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பது. ‘டேட்டா-டெஸ்ட்ஐடி’ என்ற பெயர் பரவலாகிவிட்டது. பிளேரைட் இயல்பாகவே அதைத் தேடும். கேட்கும்போது மொத்தமாகக் கேட்காமல், கடந்த சில வாரங்களில் உடைந்த லொக்கேட்டர்களின் பட்டியலோடு சென்று, அந்த எலிமென்ட்டுகளுக்கு மட்டும் கேட்டால் மறுப்பு வருவது அரிது. பெயர் மொழி சாராததாக, எலிமென்ட்டின் வேலையைச் சொல்வதாக இருக்கட்டும்: ‘ஏறுமிடம்-பட்டியல்’ என்பது நிற்கும், ‘இடது-நீல-பெட்டி’ என்பது அடுத்த வடிவமைப்பில் பொய்யாகும். மீண்டும் மீண்டும் வரும் வரிசைகளுக்கு வரிசை எண்ணைச் சேர்க்காமல், சேவை எண் போன்ற தரவின் அடையாளத்தைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

பண்பு வந்த பிறகும் எண்ணிப் பார்க்கும் வேலை ஒருமுறை இருக்கிறது. ஒரே கம்பொனென்ட்டைக் கணினி மெனுவிலும் கைபேசி மெனுவிலும் பயன்படுத்தியிருந்தால், அதே டெஸ்ட்ஐடி இரண்டு இடத்தில் வரும். ஆகவே டெவலப்பரின் மாற்றம் கிளையில் சேர்வதற்கு முன், நான்கு மொழிப் பக்கங்களிலும், அகலமான திரையிலும் கைபேசி அகலத்திலும், கன்சோலில் அந்த லொக்கேட்டரை ஓட்டி, ஒவ்வொன்றிலும் விடை சரியாக ஒன்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கையை ரிவ்யூ குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.